கம்பிப் பதம்

மயிலாப்பூரில் ‘கம்பி’ என்று யாராவது சொன்னால், எந்தக் கம்பி என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சமையலறையில் என்றால் பாகு. கூடத்தில் என்றால் வீணை. தெருவில் என்றால், சிவப்புத் துணியை வாலில் கட்டிக்கொண்டு லாரிக்குப் பின்னால் நீண்டிருக்கும் கட்டடக் கம்பி. கம்பி நீட்டியவர்கள், கம்பி எண்ணுகிறவர்கள் கதை வேறு; அதற்குள் நான் போகவில்லை.

மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் என் சித்தி வீட்டில், போன ஐப்பசியில் ஒரு நாள் காலை, மூன்று கம்பியும் ஒரே சமயத்தில் கூடின. சித்தி அடுப்படியில் மைசூர்பாகுக்குச் சர்க்கரை காய்ச்சிக்கொண்டிருந்தார். கூடத்தில் அவரிடம் வீணை கற்கும் பெண் வர்ணத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். எதிரே இடித்துவிட்ட பழைய வீட்டு மனையில் ஒரு லோடு இரும்பு தடதடவென்று இறங்கியது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் கூடத்தில் ‘பட்’ என்று ஒரு சின்னச் சத்தம்.

“மாமி, சாரணி போயிடுத்து!”

“இப்போ என்னைக் கூப்பிடாதே. கம்பி விடறது.”

கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பாகைத் தொட்டு இழுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒற்றைக் கம்பியாக நின்றது. அடுப்பை அடக்கினார். லஸ் பக்கம் போய்ச் சாரணிக் கம்பி வாங்கிவர என்னைத்தான் அனுப்பினார்கள்.

நான் உலோகவியல் படித்தவன். அடையாற்றுக்குப் பக்கத்தில் மான்கள் குறுக்கே ஓடும் ஐ.ஐ.டி. வளாகத்தில் எஃகுத் துண்டுகளைத் தேய்த்துத் தேய்த்தே என் இளமையில் ஒரு பங்கு போயிற்று. அதனால் அன்று லஸ்ஸுக்கு நடந்தபோது மூன்று கம்பியும் மண்டைக்குள் பின்னிக்கொண்டன. பதம் நெருப்பில் வருகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். எஃகில் நெருப்பு எல்லாவற்றையும் அழித்துப் பலகையைத் துடைத்துவைக்கும், அவ்வளவுதான். எழுத்து விழுவது ஆறும்போது. அரைக்கால் நொடி முன்பின் ஆனாலும் எழுத்து மாறிவிடும்.

அந்த எழுத்தைப் படிப்பது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பியைக் குறுக்கே வெட்டி உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். முரட்டுத் தாளில் ஆரம்பித்து மென்மையான தாள்வரை, ஒவ்வொரு தாளுக்கும் தொண்ணூறு டிகிரி திருப்பி, முந்தைய தாளின் கீறல் ஒன்றுகூட மிஞ்சாமல். பிறகு வெல்வெட் மாதிரித் துணியில் அலுமினாப் பொடியைக் குழைத்துச் சுழலும் தட்டில் பிடிக்க வேண்டும். முகம் தெரியும் கண்ணாடியாகிவிடும். அந்தக் கண்ணாடியை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒன்றுமே தெரியாது. வெறும் வெளிச்சம். நைட்டால் என்று ஒரு திரவம் உண்டு. சாராயத்தில் இரண்டு மூன்று சதவீதம் நைட்ரிக் அமிலம். அதில் சில நொடி நனைத்து எடுத்தால் கண்ணாடி மூச்சுப்பட்டதுபோல் மங்கும். உடனே கழுவி உலர்த்த வேண்டும். ஒரு நொடி அதிகமானால் கருகிப்போய், மறுபடி உப்புத்தாளிலிருந்து ஆரம்பம். இந்த மங்கலுக்குள்தான் எல்லாம் இருக்கிறது.

இப்படிப் பார்க்கலாம் என்று முதலில் கண்டவர் ஷெஃபீல்டுக்காரர் ஹென்றி கிளிஃப்டன் சார்பி. பாறைகளைச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தவர், 1863-இல் எஃகைத் தேய்த்து அமிலத்தில் நனைத்துப் பார்த்தார். சில இடங்கள் முத்துச்சிப்பியின் உள்புறம்போல் வண்ணம் காட்டின. ‘முத்துப் போன்ற பகுதி’ என்று எழுதிவைத்தார். அது ஏன் மின்னுகிறது என்று அவருக்கே தெளிவாகத் தெரிய இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. உருப்பெருக்கம் கூடிய கருவியில் 1880-களில் பார்த்தபோது, அது கோடுகளாக, வரிவரியாகப் பிரிந்தது. இரண்டு பொருள்கள் மாறி மாறி அடுக்கிய தட்டுகள். தட்டுகளின் இடைவெளி வெளிச்சத்தின் அலைநீளத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் வெளிச்சம் சிதறி வண்ணமாயிற்று.

தி.நகர் பட்டுக் கடையில் மயில்கழுத்து வண்ணம் கேட்டால் பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறமாக நெய்த புடவையை விசிறிக் காட்டுவார்கள். திருப்பத் திருப்ப நீலமும் பச்சையும் மாறும். அது சாயத்தின் வித்தை. உண்மையான மயிலின் கழுத்தில் நீலச் சாயம் கிடையாது. இறகிழைக்குள் இருக்கும் நுண்ணிய ஒழுங்கான அடுக்குதான் அந்த நீலத்தைக் காட்டுகிறது. எஃகின் முத்து மினுக்கும் அந்த வகைதான். புடவைக்கு உறவில்லை, பறவைக்கு உறவு. மயில் பெயரில் இருக்கும் ஊர்க்காரன் இதைச் சொல்லாமல் விட முடியுமா.

அதற்குப் பெர்லைட் என்று பெயர். முத்து என்ற சொல்லிலிருந்து வந்தது. அமெரிக்கர் ஹென்றி ஹௌ இட்டது. உலோகவியலில் பெயர்கள் பெரும்பாலும் ஆட்களின் பெயர்கள்: மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மானியருக்காக மார்ட்டென்சைட், ராபர்ட்ஸ்-ஆஸ்டென் என்ற ஆங்கிலேயருக்காக ஆஸ்டெனைட், எட்கர் பெயின் என்ற அமெரிக்கருக்காகப் பெயினைட். நகராட்சி தெருக்களுக்குப் பெயர் வைத்தது போலிருக்கும். நடுவில் இந்த ஒன்று மட்டும் பார்த்தவர் கண்ணிலிருந்து வந்த பெயர். எனக்கு அதனாலேயே அதன் மேல் ஒரு பட்சபாதம்.

சரி, அந்த வரிகள் எப்படி வருகின்றன? எஃகு என்பது இரும்பில் கொஞ்சம் கார்பன். வீணைக் கம்பியில் நூற்றுக்கு முக்கால் அல்லது ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. செக்கச்செவேலென்று இருக்கும்போது இரும்பின் அணுக்கள் ஒருவிதமாக அடுக்கியிருக்கும், அது ஆஸ்டெனைட். கார்பன் அணுக்கள் அதன் இடைவெளிகளில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். ஆற ஆற, 727 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இரும்பு வேறு அடுக்குக்கு மாற வேண்டும், அது ஃபெரைட். இதில் ஒரு வேடிக்கை. ஆஸ்டெனைட்தான் நெருக்கமான அடுக்கு. நூற்றில் 74 பங்கை அணுக்கள் அடைத்துக்கொள்ளும். ஃபெரைட்டில் 68 பங்குதான். காலியிடம் அதிகம் ஃபெரைட்டில், ஆனால் கார்பனுக்கு இடமில்லாததும் அங்கேதான். இரண்டு சதவீதம்வரை விருந்தாளியை ஏற்ற இரும்பு, இங்கே 0.02 சதவீதத்துக்கே முகம் சுளிக்கும். காரணம், காலியிடம் சின்னச் சின்ன மூலைகளாகச் சிதறிவிடுகிறது. நம் ஃபிளாட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சதுர அடிக் கணக்குக்குக் குறைவில்லை. ஒருவர் பாய் விரிக்க இடம் இருக்காது.

வெளியேறும் கார்பன் எங்கே போகும்? பக்கத்திலேயே இரும்போடு சேர்ந்து சிமென்டைட் என்ற கடினமான தட்டாகும். (கட்டடச் சிமெண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ஒரு சிமென்டைட் தட்டு வளர்ந்தால் அது பக்கத்துக் கார்பனை உறிஞ்சிவிடும். உறிஞ்சப்பட்ட இடம் ஃபெரைட் ஆகும். ஃபெரைட் தனக்கு வேண்டாத கார்பனை அந்தப் பக்கம் தள்ளும். அங்கே இன்னொரு சிமென்டைட். ஒன்று தள்ள, ஒன்று எடுக்க, இரண்டும் தோளோடு தோள் சேர்ந்து ஆஸ்டெனைட்டுக்குள் முன்னேறும். மெல்லிய சிமென்டைட் ஒரு பங்கு, பருமனான ஃபெரைட் சுமார் ஏழு பங்கு என்ற கணக்கில்.

கல்யாண வீட்டில் இழைக்கோலம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அரைத்த பச்சரிசி மாவில் துணியை நனைத்துக் கைக்குள் பிழிந்துகொண்டே, மோதிரவிரல் வழியாக ஒரே பருமனில் இழை இறக்குவார்கள். இணைகோடுகள் ஒரு பக்கமாக ஓடி, மூலையில் திரும்பி, வேறு திசையில் ஓடும். பெர்லைட் அதேதான். ஒரு தொகுதியில் கோடுகள் இப்படிச் சாய்ந்திருக்கும், ஒட்டி நிற்கும் தொகுதியில் அப்படி. வளைவுகளில் சில கோடுகள் கிளைக்கும். எங்கோ ஒன்று பாதியில் நின்றுபோய், இரு பக்கத்துக் கோடுகளும் நெருங்கி அந்த இடத்தை மூடிக்கொண்டிருக்கும். ஜனவரியில் வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி நடக்கும்போது நான் மதிப்பெண் போடுவது இந்த மூடல்களுக்குத்தான். யாரும் என்னை நடுவராக அழைத்ததில்லை.

ஆறுகிற வேகம் வருவது இங்கே. மெதுவாக, 700 டிகிரிக்குப் பக்கத்திலேயே மாற விட்டால், கார்பன் தாராளமாக நடக்கும். தூரம் நடக்க முடிவதால் தட்டுகள் அகலமாக விழும்; இடைவெளி ஒரு மைக்ரான் அளவு. சட்டென்று 550 டிகிரிக்கு இறக்கிவிட்டால் கார்பனுக்குக் கால் மரத்துவிடும். நாலு எட்டுக்கு மேல் நடக்காது. அதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால் தட்டுகள் மெலியும். இடைவெளி பத்தில் ஒரு மைக்ரான். ஒரு தலைமுடியின் குறுக்கே எழுநூறு ஜோடி வரிகள். கோடு நெருங்க நெருங்க எஃகு பலம் கூடும்.

இந்த மாற்றம் நடக்கும் கணத்தை வெறும் கண்ணால் பார்க்க முடியும் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். இருட்டறையில் நீளமான எஃகுக் கம்பி ஒன்றைச் செந்தழலாகக் காய்ச்சி, சூட்டை நிறுத்திவிட வேண்டும். ஒளி ஆரஞ்சிலிருந்து சிவப்பாகி மங்கிக்கொண்டே வரும். அணையப்போகிறது என்று நினைக்கும்போது ஒரு கணம், யாரோ ஊதிவிட்டதுபோல், தானாகவே மறுபடி சிவக்கும். பிறகுதான் அணையும். அடுக்கு மாறும்போது உள்ளேயிருந்து விடுபடும் வெப்பம் அது. அதே கணத்தில், சுருங்கிக்கொண்டிருந்த கம்பி ஒரு துளி நீளும். நெருக்கமான அடுக்கு தளர்ந்த அடுக்காகிறது அல்லவா. 1873-இல் வில்லியம் பாரட் இந்த மறுசிவப்பைக் கண்டு எழுதினார். கல்லூரியில் இதை முதல்முறை காட்டியபோது எங்கள் வகுப்பில் யாரும் கைதட்டவில்லை. சபாவில் அரங்கு அமைதியாவது போன்ற அமைதி.

வீணைக் கம்பிக்கு வருகிறேன். 1854-இல் பர்மிங்ஹாமின் ஜேம்ஸ் ஹார்ஸ்ஃபால் ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கம்பியை 900 டிகிரிக்கு மேல் காய்ச்சி, காற்றிலும் விடாமல் தண்ணீரிலும் தோய்க்காமல், 500-லிருந்து 550 டிகிரியில் உருகிநிற்கும் ஈயத்துக்குள் ஓட்டுவது என்று பின்னாளில் நிலைபெற்ற முறை அதிலிருந்து வளர்ந்தது. எவ்வளவு நெருக்கமான பெர்லைட் கிடைக்குமோ அவ்வளவு நெருக்கம். ஆற்றுவதில் இதைவிட நுட்பமான கை எனக்குத் தெரியாது; டபராவும் டம்ளருமாகக் காபி ஆற்றுகிறவர்கள் மன்னிக்கவும். அந்த முறைக்கு இன்றும் தொழிற்சாலையில் ‘பேட்டன்டிங்’ என்றே பெயர். உரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. உரிமப் பத்திரத்தின் பெயர் மட்டும் செய்முறையின் பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது.

அப்படி ஆறிய கம்பியைச் சூடில்லாமல், ஒன்றைவிட ஒன்று சின்னதான துளைகள் வழியாக இழுப்பார்கள். பொற்கொல்லரின் கம்பியச்சில் தங்கக் கம்பி இழுபடுமே, அதே வேலை. கோலத்தின் கோடுகள் எல்லாம் கம்பியின் நீளவாக்குக்குத் திரும்பி, இன்னும் மெலிந்து, சில பத்து நானோமீட்டர் இடைவெளிக்கு வந்துவிடும். சாதாரண இரும்புக் கம்பி ஒரு சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 40 கிலோ தாங்கினால், இது 250 கிலோவுக்கு மேல் தாங்கும். 0.3 மில்லிமீட்டர் கம்பியில் பதினெட்டு கிலோவைக் கட்டித் தொங்கவிடலாம்.

வீணைக்கு இந்தப் பலம் எதற்கு? கமகத்துக்கு. சித்தி தோடி வாசிக்கும்போது சாரணியை ஒரே மெட்டில் வைத்துப் பக்கவாட்டில் இழுப்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு ஸ்வரம், மூன்று ஸ்வரம் தாண்டி இழுத்துவிட்டு விடுவார். விட்ட கம்பி பழைய சுருதிக்கே திரும்ப வேண்டும். நூலளவு நீண்டுவிட்டால்கூட அடுத்த ஸ்வரம் கீழே விழுந்துவிடும். அத்தனை இழுப்புக்கும் நீளாமல் மீளும் குணம் அந்த ஈயக் குளியலில் பிறந்தது. மந்தரத்துக்குப் பித்தளை போதும், அதன் கனிவே வேறு. சாரணிக்கு எஃகுதான் வேண்டும்.

இன்னொன்று. சித்தி வீட்டு மொட்டை மாடியில் நின்றால் பறக்கும் ரயில் போகும் சத்தம் கேட்கும். அதன் தண்டவாளமும் ஏறக்குறைய இதே கார்பன் கொண்ட பெர்லைட் எஃகுதான், கோடுகள் சற்று அகலம். ஒரு மீட்டர் ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும் தண்டவாளமும், ஊதினால் ஆடும் சாரணியும் ஒரே குடும்பம்.

லஸ்ஸை நெருங்கினால் தகரத் தடுப்பு. மெட்ரோ வேலை. இரண்டு தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேரும் திருமயிலை நிலையத்துக்காகப் பூமியைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். தடுப்புக்கு மேலே கிரேன், அதில் ஆளுயரத்தைப் போல் பல மடங்கு நீளமான கம்பிக் கூடு அந்தரத்தில் மெல்லச் சுழன்றது. டி.எம்.டி. கம்பி. விளம்பரங்களில் இதைப் பற்றிச் சொல்லப்படும் வீர வசனங்களைக் கேட்டுச் சலித்தவர்கள், அதன் குறுக்குவெட்டை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். தேய்த்து நைட்டாலில் நனைத்தால் மைக்ராஸ்கோப்பே வேண்டாம். வெளியே கறுத்த வளையம், நடுவில் வெளிறிய வட்டம், இடையில் மங்கலான ஒரு மாறுநிலை. நொங்கைச் சீவிய மாதிரி.

இதில் கார்பன் குறைவு. இந்தியத் தரமான ஐ.எஸ். 1786 படி, எஃப்.இ. 500டி ரகத்தில் 0.25 சதவீதத்துக்கு மேல் கூடாது. உருட்டாலையிலிருந்து தழலாக வெளிவரும் கம்பியைத் தண்ணீர்ப் பெட்டிக்குள் ஓட விடுவார்கள். ஒரு நொடி அளவுதான். மேல்தோல் மட்டும் திடீரென்று குளிர்ந்துவிடும். கார்பனுக்கு ஒரு எட்டு வைக்கக்கூட நேரமில்லை. அப்போது நடப்பது வேறு வகை மாற்றம். அறுபத்துமூவர் அன்று மாட வீதியில் நெருக்கத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொன்னால் புரியும். பல்லக்கு அசையும்போது யாரும் நடப்பதில்லை. பக்கத்தில் நிற்பவர் மாறுவதில்லை. மொத்தக் கூட்டமும் அப்படியே ஒரு அரை அடி சாயும். அணுக்கள் அப்படிச் சேர்ந்து சாய்ந்து, தப்பிக்க முடியாத கார்பனை உள்ளேயே நசுக்கிக்கொண்டு பிறப்பது மார்ட்டென்சைட். பெர்லைட் விநாடிகளையும் நிமிடங்களையும் எடுத்துக்கொண்டு வளரும். மார்ட்டென்சைட்டின் ஒரு ஊசி ஏறத்தாழ ஒலியின் வேகத்தில் பாய்ந்து முடிந்துவிடும். கொல்லர் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடும்போது ‘சுர்’ என்று கேட்கும் அந்தச் சத்தத்துக்குள் நடப்பது இதுதான். கெட்டி. ஆனால் அப்படியே விட்டால் முறிந்துவிடும். கொல்லர் அதை மறுபடி இளஞ்சூடு காட்டித்தான் பதத்துக்குக் கொண்டுவருவார்.

டி.எம்.டி.யில் அந்த இளஞ்சூட்டை யாரும் காட்டுவதில்லை. இதுதான் நான் மிகவும் ரசிக்கும் இடம். தண்ணீர்ப் பெட்டியை விட்டு வெளியே வரும்போது தோல் கறுத்திருக்கும்; வயிறு இன்னும் தழல். அந்த வயிற்றுச் சூடு மெல்ல வெளியே ஏறி, கறுத்த தோலை மறுபடி 600 டிகிரி அளவுக்குச் சுட வைக்கும். பிரியாணிக்குத் தம் போட்ட மாதிரி, உள்சூட்டிலேயே வெளித்தோலின் முரட்டுத்தனம் தணியும். வயிறு பிறகு சாவகாசமாக ஆறி, ஃபெரைட்டும் பெர்லைட்டுமாக மிருதுவாகும். வளைக்கிறவருக்கு நடு வளைந்துகொடுக்கும், பாரத்துக்கு ஓரம் தாங்கும். 1970-களில் பெல்ஜியத்தின் லியேஜில் உருவான யோசனை இது. சித்தி வீட்டுக்கு எதிரே இடித்த வீட்டிலிருந்து வந்த பழைய கம்பிகளோ குளிரவைத்து முறுக்கியவை. திருகிய முறுக்கு அப்படியே தெரியும். அதில் இந்த வளையம் கிடையாது. முறுக்கினதே பலம்.

ஆறும் விதத்தில் அழகு பார்த்தவர்கள் நம் பக்கத்தில் ஏற்கெனவே இருந்தார்கள். மேல்சிறுவலூரில் பழைய மூசைத் துண்டுகளை ஆராய்ந்து, அங்கே உயர்கார்பன் எஃகு உருக்கியதை 1990-களில் எழுதியவர் சாரதா ஸ்ரீநிவாசன். பரதநாட்டியக் கலைஞரும்கூட என்பது எனக்குப் பிடித்த தகவல். மூடிய மண் மூசையில் உருக்கி நிதானமாக ஆறவிட்ட அந்த எஃகைத்தான் மேற்கே ‘வூட்ஸ்’ என்றார்கள். அதை 1795-இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் விவரித்தார். பிறகு ஃபாரடே தலையை உடைத்துக்கொண்டார். அதில் அடித்த வாளை அமிலத்தில் நனைத்தால் சிமென்டைட் பட்டைகள் நீரலைபோல் வெறும் கண்ணுக்கே தெரியும்.

லஸ் கடைக்காரர் “ஜெர்மன் கம்பியா, நம்மூர்க் கம்பியா?” என்று கேட்டார். சித்தியிடம் போன் போட்டுக் கேட்டேன். “ஜெர்மன்தான், நீ பாட்டுக்கு மலிவா எதையாவது வாங்கிண்டு வந்துடாதே.” காகித உறையில் சுருட்டி வைத்திருந்தது, வெளியே எடுத்தால் சுருள் திமிறிக்கொண்டு விரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது மைசூர்பாகு தாம்பாளத்தில் ஆறிக்கொண்டிருந்தது. ஓரம் வெளுத்து, நடு பொன்பழுப்பாக. நடுவில் சூடு தங்கி அது தானாகவே இன்னும் கொஞ்சம் வெந்திருக்கிறது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைச் சித்தி தப்பாகப் புரிந்துகொண்டு ஓரத்துத் துண்டு ஒன்றைப் பெயர்த்துக் கையில் வைத்தார்.

அறுந்த சாரணியில் ஒரு துண்டை வாங்கி வைத்துக்கொண்டேன். நண்பன் ஒருவனின் ஆய்வகத்தில் அதைப் பிசினில் பதித்து, தேய்த்து, நனைத்து, ஆயிரம் மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தேன். வெறும் இருட்டுச் சாம்பல். கோடுகள் இருக்கின்றன, ஒளியைவிட நெருங்கிவிட்டதால் ஒளியில் பிரியவில்லை. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும். அந்தக் காலத்தில் இப்படிப் பிரியாமல் தெரிந்த நெருக்கமான பெர்லைட்டைத் தனிப் பொருள் என்று நினைத்து, சார்பைட், ட்ரூஸ்டைட் என்று இரண்டு பெயர் வைத்திருந்தார்கள்.

அன்று மாலை சித்தி புதுக் கம்பியை நாகபாசத்தில் மாட்டி, குதிரைமேல் ஏற்றி, பிருடையில் சுற்றினார். சுருதிக்கு வந்தது. ஐந்து நிமிடத்தில் இறங்கியது. மறுபடி ஏற்றினார்.

“ரெண்டு நாளைக்கு இப்படித்தான் இறங்கிண்டே இருக்கும்,” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். “அதுவரைக்கும் இழுத்து வாசிக்காதே. சரளி வரிசை போதும்.”